சென்னை – கன்னியாகுமரி சைக்கிள் பயணம்: முதல் நாளே புதுச்சேரி வரை போகலாமா?

கரையோரப் பயணி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் ஒரே குடியிருப்பில் வசிக்கும் நாங்கள் பதினான்கு பேர், ஜனவரி முதல் வாரத்தில் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிறோம். வழி, கிழக்குக் கடற்கரைச் சாலை. பைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் கூடவே வரும். பெண்கள் நால்வர். மூத்தவருக்கு வயது அறுபத்திரண்டு. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டுக்காடு, மாமல்லபுரம் வரை போய்வந்து பழகியவர்கள். அதற்கு மேல் நீண்ட தூரம் மிதித்த அனுபவம் ஐந்தாறு பேருக்குத்தான் உண்டு.

மற்ற நாள்களின் திட்டத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. முதல் நாளில்தான் இழுபறி. திருவான்மியூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 145 கிலோமீட்டர். உடம்பில் தெம்பு இருக்கும்போதே தூரத்தைக் குறைத்துவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். முதல் நாள் மாமல்லபுரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள் வேறு சிலர். நடுவில் பதினான்கு பேர் தங்க வசதியான இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பும் எண்ணம். இந்தச் சாலையில் போனவர்கள் வழிகாட்டுங்கள்.

நெடுவழி

மாமல்லபுரத்தோடு நிறுத்தினால் அன்றைய நாள் வீணாகும். மீதியையெல்லாம் அடுத்த நாள்களின் தலையில் ஏற்ற வேண்டியிருக்கும். புதுச்சேரிக்கே போங்கள். 145 கிலோமீட்டர் எட்டாத தூரம் அன்று. என் கவலையெல்லாம் முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றியது.

ஜனவரியில் விடிகாலைக் காற்று குளிர்ந்திருக்கும். சாலை சமதளம். வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளும். எல்லோருக்கும் உற்சாகம் வேறு. இந்த நான்கும் சேர்ந்தால் வழக்கமாக மணிக்கு 22 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் தம்மை அறியாமலே 28இல் போய்க்கொண்டிருப்பார். களைப்பே தெரியாது. கல்பாக்கம் தாண்டி வெயில் ஏறியதும் அதற்கான கணக்குத் தீர்க்கப்படும். வேகத்தை 25இலிருந்து 30ஆக உயர்த்தினால், காற்றைப் பிளப்பதற்கு மட்டும் ஏறக்குறைய 1.7 மடங்கு ஆற்றல் தேவை. நேரத்தில் கிடைக்கும் லாபமோ மிகச் சிறியது.

நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களின் கால வரம்பை ஒருமுறை பாருங்கள். உலகெங்கும் நடக்கும் 200 கிலோமீட்டர் பிரெவேவுக்கு (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடும்பயணம், பந்தயம் அன்று) பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரியாக 15 கிலோமீட்டர் போனால் போதும். 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில் 1200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம். தூக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்குப் பதின்மூன்று சொச்சம்தான் வருகிறது. இந்த 15ஐ நீங்களும் மனத்தில் வைத்துக்கொண்டால், 5 மணிக்குக் கிளம்பி மூன்று மணிக்குள் புதுச்சேரி சேர்ந்துவிடலாம். ஜனவரி தொடக்கத்தில் ஆறு மணிவாக்கில்தான் பொழுது சாயும் என்பதால் எதிர்பாராத தடங்கலுக்கும் மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது.

என் ஆலோசனை இதுதான்: மாமல்லபுரம் வரை யாரும் மணிக்கு 20ஐத் தாண்டக்கூடாது. குழுவிலேயே மெதுவாக ஓட்டுகிறவரை முன்வரிசையில் விடுங்கள். வேகத்தை அவர் தீர்மானிக்கட்டும்.

காற்றுச்சக்கரம்

நெடுவழி அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். 28இல் இயல்பாக ஓட்டுகிறவரை 18இல் பிடித்துவைப்பதும் கொடுமைதான். சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் கூடும், வெயிலில் நிற்கும் நேரம் கூடும், கையும் முதுகும் வலிக்கும். வேகத்தின்படி இரண்டு குழுவாகப் பிரிந்துகொள்ளுங்கள். வேகமானவர்கள் மதியத்துக்குள் புதுச்சேரி சேர்ந்து அறைகளைப் பார்த்து வைக்கலாம். மற்றவர்கள் நெருக்கடி இல்லாமல் வரலாம். இரு தரப்புக்கும் நிம்மதி.

நெடுவழி

தம்பி, தனித்தனிப் பயணமாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இவர்கள் ஒரே குடியிருப்பு. முதல் நாளே வேகமானவர் ஒரு கூட்டம், மற்றவர் ஒரு கூட்டம் என்று பிரித்தால் கன்னியாகுமரி வரை அந்தப் பிரிவு நீடிக்கும். பின்குழுவில் இருப்பவர்கள் தாங்கள் சுமையாகிவிட்டோம் என்று நினைப்பார்கள். அந்த நினைப்போடு மிதிக்கிறவர் தாகத்தைக்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார். இப்படிச் சோர்ந்து பாதியில் பஸ் ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது.

அதோடு, அனுபவசாலிகள் எல்லோரும் முன்னால் போய்விட்டால் பின்னால் பஞ்சர் ஆகும்போது யார் உதவுவது? காற்று மறைவு கொடுப்பதும் அவர்கள் வேலைதான். ஒரு சைக்கிளின் பின்னால் நெருங்கிப் போகிறவருக்குக் காற்றின் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். வலுவானவர் முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொண்டு 20இல் போனால் அவருக்கும் உழைப்பு இருக்கும், பின்னால் வருகிறவருக்கும் உதவியாக இருக்கும்.

பிரிவதே நல்லது, ஆனால் வேறு காரணத்துக்காக. பதினான்கு சைக்கிள் ஒரே வரிசையில் போனால் நீளம் ஐம்பது மீட்டரைத் தாண்டும். பின்னால் வரும் பஸ் முந்துவதற்குத் திணறும். ஏழு ஏழாகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஏழிலும் மூன்று அனுபவசாலிகள் இருக்கட்டும். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், மூன்றாமவர் நடுவில்.

வேகத்தடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகிறவர் வேகத்தடையைத் தாண்டியதும் பழைய வேகத்துக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் கடைசி ஆள் தடைக்கு இந்தப் பக்கம் இருப்பார். இடைவெளி விழும். அதை மூட அவர் எழுந்து நின்று மிதிப்பார். போலீஸ் தடுப்பு, ஊர்ச் சந்திப்பு, சிக்னல் என்று ஒவ்வொன்றிலும் இதேதான். முன்னால் போகிறவர் நிதானமாக ஓட்டியதாகவே நினைத்திருப்பார். கடைசி ஆள் காலையிலிருந்து எத்தனையோ ஓட்டப் பந்தயங்களை முடித்திருப்பார். தடையைத் தாண்டியதும் கடைசி ஆள் "வந்துவிட்டேன்" என்று குரல் கொடுக்கும் வரை முன்னவர் வேகம் கூட்டக்கூடாது. முதல் நாளில் இந்த ஒன்றைப் பழக்கிவிட்டால் போதும்.

காற்றுச்சக்கரம்

கலந்த குழு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேகத்தடை விஷயத்தை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஒரு திருத்தம் மட்டும்: முழு நேரமும் இறுக்கிப் பிடிக்காமல், கடப்பாக்கத்திலிருந்து மரக்காணம் வரை விருப்பமுள்ளவர்கள் தங்கள் வேகத்தில் போகட்டும். மரக்காணத்தில் காத்திருந்து சேர்ந்துகொள்ளட்டும்.

உப்பளக் காற்று

என் சொந்த ஊர் மரக்காணம் பக்கம். சாலையைப் பற்றிச் சில விவரங்கள்.

சனிக்கிழமை வேண்டாம். வார விடுமுறைக்குப் புதுச்சேரி போகும் கார்களும் பைக்குகளும் சனி காலையில் உங்கள் திசையிலேயே வரும். உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் அவை பறக்கும். திங்கள்கிழமை கிளம்பினால் சாலையின் குணமே வேறு. ஞாயிறு மாலைக் கூட்டமும் அதற்குள் நகரத்துக்குத் திரும்பியிருக்கும்.

ஜனவரி தொடக்கத்தில் ஆறரை மணிக்குத்தான் சூரியன் வரும். ஐந்துக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் இருட்டு. முட்டுக்காடு பாலத்தையும் கோவளத்தையும் இருட்டில்தான் தாண்டுவீர்கள். பின்விளக்கு இல்லாத ஒரு சைக்கிளைக்கூடச் சேர்க்காதீர்கள். ஒளிர்பட்டை உள்ள மேலங்கி எல்லோருக்கும் வேண்டும்.

மாமல்லபுரம் வரை கடைக்குப் பஞ்சமில்லை. காலை உணவை அங்கேயே முடித்துவிடுங்கள். அதற்குத் தெற்கே நான்குவழிச் சாலைப் பணி நடக்கும் பகுதிகளில் மாற்றுப்பாதை, சரளை, திடீரென்று முடியும் தார் எல்லாம் எதிர்ப்படும். ஒட்டிப் போகும் இடைவெளியை அங்கே கூட்டிக்கொள்ளுங்கள். முன்னவர் "குழி", "மணல்", "கல்" என்று கத்தியே ஆகவேண்டும். கைச் சைகையை மட்டும் நம்பக்கூடாது, ஏனென்றால் சரளையில் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுப்பதே ஆபத்து.

பாலாற்றுப் பாலம், கூவத்தூர், கடப்பாக்கம், பிறகு எங்கள் ஊர். நேரம் இருந்தால் கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பி ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகலாம். இடிந்த மதில், அதையடுத்துக் கழிமுகம், அப்பால் கடல். அங்கே அரை மணி உட்கார்ந்தாலும் நேரம் வீணில்லை. ஆனால் சைக்கிள் காலணியோடு மணலில் இறங்காதீர்கள். அடியில் உள்ள இணைப்பில் மணல் புகுந்தால் பெடலில் பொருந்தாது.

மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்கள் தொடங்கும். ஒரு மரம் கிடையாது. வெள்ளை உப்பிலிருந்தும் நீரிலிருந்தும் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். கண்ணாடி இல்லாதவர்கள் மிகவும் சிரமப்படுவார்கள். மதியம் 12க்கும் 2க்கும் நடுவே அங்கே மாட்டிக்கொள்ளாதபடி நேரத்தைக் கணக்கிடுங்கள். வலப்பக்கம் கழுவெளி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய சதுப்புநிலம். ஜனவரியில் வலசைப் பறவைகள் இருக்கும் காலம். காற்றுச்சக்கரம் சொன்னபடி வேகமாக வந்து காத்திருக்கப்போகிறவர்கள் பைனாகுலர் கொண்டுவாருங்கள்.

செம்பருத்தி

நால்வர் பெண்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கழிப்பறை பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை. கழிப்பறை எங்கே என்று தெரியாத பெண் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். வெயிலில் 145 கிலோமீட்டர் மிதிக்கும் நாளில் அது நேராக மயக்கத்தில் கொண்டுபோய் விடும். தலைவலி, குமட்டல் என்று ஒருத்தி சொன்னால், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கூட இருப்பவர்கள் முடிவுகட்டுகிறார்கள். உண்மைக் காரணம் காலையிலிருந்து அவள் அரை லிட்டர்கூடக் குடிக்கவில்லை என்பதாக இருக்கும்.

பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் காற்றும் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. முந்தைய வாரம் உங்களில் இருவர் காரில் போய் எந்தெந்தப் பங்கில் கழிப்பறை திறந்திருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துப் பட்டியல் எடுங்கள். அந்த இடங்களையே எல்லோருக்குமான நிறுத்தங்களாக வையுங்கள். "யாருக்காவது நிற்க வேண்டுமா?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். கேட்டால் பதில் வராது.

மூட்டு வைத்தியர்

நான் இயன்முறை மருத்துவர். செம்பருத்தி அம்மா சொன்னதை வழிமொழிகிறேன்.

மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். வெயில் ஏறியதும் அதற்கு மேல். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிக்கக்கூடாது, உப்பும் போகவேண்டும். ஓஆர்எஸ் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டுவது தவறு. இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். இளநீரோடு உப்புக் கடலையும் சாப்பிடுங்கள்.

பசிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உடலில் தேங்கியிருக்கும் சர்க்கரை இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்குச் சற்று மேல்தான் தாக்குப்பிடிக்கும். முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு கடலை மிட்டாய், அல்லது பேரீச்சை. மாமல்லபுரத்தில் இட்லி, பொங்கல் எதுவானாலும் சரி, வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்; நெய்ப்பொங்கல் தின்றுவிட்டு மிதிப்பது கடினம்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது. பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். மாற்றுவதானால் சில மில்லிமீட்டர் மட்டும். கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், இலகுவான கியரில் நிமிடத்துக்கு எண்பது சுற்றுக்கு மேல் சுற்றினால் மூட்டுக்குச் சுமை குறையும். புது ஷூ, புது சீட், புதுக் கால்சட்டை எதையும் முதல் நாளில் அறிமுகப்படுத்தாதீர்கள். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் ஜட்டி அணியக்கூடாது. அதன் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்குகிறது. கூச்சப்பட்டு இதை ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டால், இரண்டாம் நாள் யாராலும் சீட்டில் உட்கார முடியாது.

கரையோரப் பயணி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. திங்கள்கிழமைக்கு மாற்றிவிட்டோம். கழிப்பறைப் பட்டியல் எடுக்க இருவர் முன்வந்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல். எங்கள் அறுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஓட்டுவது கியர் இல்லாத பழைய ஹெர்குலிஸ். நாற்பது ஆண்டுகளாக அவரிடம் இருக்கும் வண்டி. கியர் சைக்கிள் ஒன்றை இரவலாகத் தருகிறோம் என்றோம், மறுத்துவிட்டார். அந்த வண்டியில் அவரால் குழுவோடு வரமுடியுமா என்று சிலர் தயங்குகிறார்கள்.

சக்கர ஆசாரி

சிதம்பரம் பக்கம் என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். இப்போது நான் நடத்துகிறேன். பெரியவரை அவருடைய வண்டியிலேயே வரவிடுங்கள்.

நாற்பது ஆண்டு பழகிய சீட்டும் ஹேண்டிலும் அவர் உடம்புக்குப் பொருந்திப்போயிருக்கும். மூட்டு வைத்தியர் சொன்னது போல் முதல் நாளில் புது வண்டியைக் கொடுப்பதுதான் ஆபத்து. சாலையும் சமதளம். மணிக்கு 16, 17 அந்த வண்டியில் தாராளமாகப் போகலாம். நெடுவழி சார் சொன்ன 15 சராசரிக்கு ஓய்வு நேரத்தைக் குறைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். முன்வரிசையில் வேகத்தைத் தீர்மானிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். ஒரே கியர் என்பதால் வேகம் ஏறாது, இறங்காது.

கிளம்புவதற்கு முன் அவர் வண்டியில் பின்சக்கர ஃப்ரீவீல், பெடல் அச்சு, பிரேக் கட்டை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வால்டியூப்பைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பத்து ரூபாய்ச் சமாசாரம். பழைய ரப்பர் வெயிலில் உளுத்து, வழியில் காற்று இறங்கிவிடும்.

வழியில் பழுதானால் முதலில் எழுந்து ஓடப்போவது அவர் வண்டிதான். 28 அங்குல டியூப், ஸ்போக், செயின் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். உங்கள் கியர் வண்டிகளின் 700சி மெல்லிய டியூபைச் சென்னையை விட்டால் புதுச்சேரியில்தான் தேட வேண்டும். ஆளுக்கு இரண்டு டியூப் கையில் இருக்கட்டும். வேனை நம்பாதீர்கள்; தேவைப்படும் நேரத்தில் அது பத்து கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டிருக்கும். மெல்லிய பிரெஸ்டா வால்வு இருப்பவர்கள் பித்தளை அடாப்டர் வைத்திருங்கள். அது இல்லாமல் பங்கில் காற்று அடிக்க முடியாது.

காற்றுச்சக்கரம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1973 முதல் நடக்கும் ராக்பிரை என்ற ஒரு வாரப் பயணத்தில் ஓர் அழகான வழக்கம் உண்டு. தொடக்கத்தில் பின்சக்கரத்தை மிசௌரி ஆற்றில் நனைப்பார்கள், முடிவில் முன்சக்கரத்தை மிசிசிப்பியில். நீங்களும் திருவான்மியூர்க் கடற்கரையில் நனைத்துவிட்டுக் கிளம்புங்கள். கன்னியாகுமரியில் முன்சக்கரம்.

சக்கர ஆசாரி

ஆற்றுத் தண்ணீர் வேறு, கடல் தண்ணீர் வேறு தம்பி. கிளம்பும் நேரத்தில் உப்பும் மணலும் செயினில் ஏறினால் முதல் நாள் முழுக்கக் கரகரவென்று அரைக்கும். கன்னியாகுமரியில் இரண்டு சக்கரத்தையும் நனைக்கட்டும், அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம். தொடக்கத்துக்கு மருந்தீஸ்வரர் கோயில் வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் போதும்.

உப்பளக் காற்று

புதுச்சேரி என்பதால் ஒரு வார்த்தை. அங்கே மது மலிவு. குழுவில் சிலருக்கு அதுவே நோக்கமாகவும் இருக்கும். முதல் நாள் மாலை வேண்டாம். வியர்த்து வற்றிய உடம்பிலிருந்து அது மேலும் நீரை வெளியேற்றும், தூக்கத்தையும் கெடுக்கும். மறுநாள் கடலூர் வழியாகப் போகும்போது வேனில் படுத்துக்கொண்டு வருகிறவர் ஒருவராவது இருப்பார். இதைக் கிளம்புவதற்கு முன்பே எல்லோருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். அங்கே போய்ப் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

நெடுவழி

ஆமாம். வேனில் ஏறுவதைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 35 கிலோமீட்டர். "மரக்காணத்தில் யார் வேண்டுமானாலும் வேனில் ஏறலாம், காரணம் கேட்கமாட்டோம்" என்று முதல் நாளுக்கு மட்டும் ஒரு விதி வையுங்கள். அனுபவசாலிகளில் ஒருவர் தாமாகவே முதலில் ஏறிக்கொண்டால் மற்றவர்களின் தயக்கம் உடையும். முழங்காலைக் காப்பாற்றி ஏறியவர் மறுநாள் முழுவதும் மிதிப்பார்.

கரையோரப் பயணி

நேற்று இரவு மொட்டைமாடியில் கூடிப் பேசினோம். முடிவு செய்தவை: திங்கள் காலை 5 மணிக்குத் திருவான்மியூர். ஏழு ஏழாக இரண்டு கலந்த குழு. முதல் குழுவின் முன்னால் பெரியவர். மாமல்லபுரத்தில் காலை உணவு, கடப்பாக்கத்தில் நிழலில் நீண்ட ஓய்வு, மரக்காணத்தில் வேன் விதி. ஆலம்பரைக் கோட்டைக்குப் போவதா என்பதை அன்றைய நேரத்தைப் பார்த்து முடிவு செய்வோம். மது கன்னியாகுமரி போய்ச் சேரும் வரை இல்லை; இதில் ஒருவருக்கு வருத்தம், இருந்தாலும் ஒப்புக்கொண்டார்.

மரக்காணத்தில் முதலில் வேனில் ஏறுவது நான் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி: இரண்டு குழுக்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் விடவேண்டும்?

நெடுவழி

சாலை நேராக இருக்கும் இடத்தில் முன்குழுவின் பின்விளக்கு கண்ணில் படவேண்டும். அரை கிலோமீட்டருக்கு மேல் போகவிடாதீர்கள். விடிந்த பிறகும் விளக்கை அணைக்கவேண்டாம்.

சக்கர ஆசாரி

இரண்டாம் நாள் சிதம்பரம் வழியாகத்தானே வருவீர்கள்? கீழவீதிப் பக்கம் வந்ததும் இந்த இழையிலேயே ஒரு வரி எழுதுங்கள், கடைக்கு வழி சொல்கிறேன். பெரியவர் வண்டியின் ஃப்ரீவீலை நானே பார்த்துத் தருகிறேன்.